கடைசி நிறுத்தத்துக்கு அப்பால் ஒரு காடு

சொந்தக் கார் இல்லை. வாடகை ஜீப்புக்குக் கொடுக்கப் பணமில்லை, அல்லது மனமில்லை. ஊர்ப் பஸ்ஸில் ஏறி, கடலோரச் சரணாலயம் ஒன்றின் வாசலில் இறங்கி, பகலெல்லாம் நடந்துவிட்டு, இருட்டுமுன் இன்னொரு பஸ் பிடித்துத் திரும்ப முடியுமா? வெப்பமண்டல நாடுகளில் இதற்கு ஒற்றை விடை கிடையாது. சில இடங்களில் வெகு எளிது. சில இடங்களில் பஸ் வாசலுக்குப் பக்கத்திலேயே போகும். ஆனால் நடந்து வந்தவரை உள்ளே விடமாட்டார்கள். காட்டின் பரப்பா, விலங்குகளின் இயல்பா, அரசின் வசதியா, எது இதைத் தீர்மானிக்கிறது?

கோஸ்டா ரிகா, மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, தமிழ்நாடு ஆகிய இடங்களின் அனுபவத்தை அடுக்கிப் பார்த்தால் ஒரு பொது விதி தெரிகிறது. காட்டுக்கென்று யாரும் பஸ் விடுவதில்லை. காட்டோரத்தில் ஊர் இருப்பதால், அந்த ஊர்ச் சனத்துக்காக விடுகிறார்கள். வெளியூரிலிருந்து நடக்க வருகிறவர் அதில் ஓர் இடம் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். ஆகவே பஸ்ஸில் போய் நடக்கக்கூடிய சரணாலயம் எது என்ற கேள்வி, தன் ஓரத்து ஊரை விட்டுவைத்த சரணாலயம் எது என்ற கேள்வியாகவே முடிகிறது.

கடற்கரைக்கு ஒரு தனி வசதி

மலைக்காட்டு நடைக்கும் கடலோர நடைக்கும் ஓர் அடிப்படை வித்தியாசம் உண்டு. மலையில் பெரும்பாலான பாதைகள் சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே சேரும். கரையை ஒட்டிய பாதை நீளவாக்கில் ஓடும். ஓரிடத்தில் தொடங்கி மற்றோரிடத்தில் முடியும். காரில் வந்தவர் பாதி தூரம் போய், கார் நிற்கும் இடத்துக்குத் திரும்பியாக வேண்டும். பஸ்ஸில் வந்தவருக்கு அந்தத் தளை இல்லை. ஒரு நிறுத்தத்தில் இறங்கி அடுத்த நிறுத்தத்தில் ஏறிக்கொள்ளலாம். கரைக்கு இணையாக ஒரு சாலையும் அதில் ஒரு பஸ்ஸும் இருந்துவிட்டால், கார்க்காரரைவிட பஸ் பயணிக்கே நல்ல நடை வாய்க்கும்.

தொல்லைகளும் கரைக்கே உரியவை. கடலின் ஏற்றவற்றம், ஆற்று முகத்துவாரங்கள், நிழலில்லாத மணல், சேறு, குடிநீர்த் தட்டுப்பாடு. வெப்பமண்டலத்தில் ஆண்டு முழுவதும் சீக்கிரமே இருட்டிவிடும். ஐரோப்பியக் கோடையைப் போல ஒன்பது மணிவரை வெளிச்சம் கிடைக்காது. கடைசி பஸ்ஸுக்கும் சூரியனுக்கும் இடையில் நடக்கக் கிடைக்கும் பொழுது கொஞ்சம்தான்.

லிமோன் கரை: ஊரே வாசற்படி

இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடை தருவது கோஸ்டா ரிகாவின் தென்கரீபியக் கரை, லிமோன் மாகாணத்தின் தென்கோடி. தலைநகர் சான் ஹோசேயில் பஸ் ஏறினால் நாலரை மணி நேரம்போல ஆகும். முதலில் கவீட்டா, பிறகு புவெர்த்தோ வியேஹோ, அங்கிருந்து வேறு பஸ்ஸில் பதின்மூன்று கிலோமீட்டர் போனால் மன்சானியோ. அத்துடன் சாலை முடிகிறது. அதற்கு அப்பால் பனாமா எல்லைவரை காடும் சதுப்பும் கரையும்தான்.

இந்த ஊர்கள் காட்டை விட மூத்தவை அல்ல. ஆனால் காட்டைப் பாதுகாக்கும் சட்டங்களை விட மூத்தவை. 1828இல் பனாமாப் பக்கத்திலிருந்து ஆமை பிடிக்க வந்த வில்லியம் ஸ்மித் என்ற கறுப்பினத்தவர் கவீட்டா முனையில் குடியேறினார். பின்னால் வந்தவர்களும் ஆமை, தென்னை, கொக்கோ என்று பிழைத்தார்கள். 1970கள் வரை சாலை இல்லை. லிமோன் நகரத்திலிருந்து ரயிலில் பென்ஷர்ஸ்ட் வந்து, எஸ்ட்ரெல்லா ஆற்றைப் படகில் தாண்டித்தான் ஊர் சேர வேண்டும். ஏறக்குறைய அதே காலத்தில் அரசும் வந்தது. 1970இல் கவீட்டா முனையைத் தேசிய நினைவுச் சின்னமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் அறிவித்தார்கள். 1985இல் தெற்கே கண்டோக்கா–மன்சானியோ வனவிலங்குச் சரணாலயம் உருவானது. நிலத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் ஹெக்டேர், கடலில் நாலாயிரத்து நானூறு.

இரண்டுக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு. தேசியப் பூங்கா என்றால் நிலம் அரசுக்குப் போக வேண்டும். சரணாலயம் என்றால், கலப்பு வகையில், தனியார் நிலமும் குடியிருப்பும் உள்ளேயே இருக்கலாம். மன்சானியோ ஊரும் அப்படித்தான் சரணாலய எல்லைக்குள் வந்தது. பள்ளி, கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் இருந்தன. பஸ் ஊருக்காக வந்தது. இறங்கியவர் நாலு எட்டு வைத்தால் பாதை தொடங்கியது.

முதலில் கவீட்டா. ஊர்த் தெருவின் கடைசியில் கெல்லி ஓடை. ஓடைப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு மேசை, ஒரு பதிவேடு. பெயரெழுதி, விருப்பப்பட்ட நன்கொடையைப் போட்டுவிட்டு உள்ளே போகலாம். ஒரு பக்கம் வெள்ளை மணல், மறுபக்கம் சதுப்புக் காடு, நடுவில் தட்டையான பாதை. சற்றுத் தூரத்தில் பெரெசோசோ ஆறு குறுக்கிடும். இலைகள் ஊறிய தண்ணீர் கட்டன் தேயிலை நிறத்தில் கடலில் கலக்கும். இங்கே வேகமாக நடப்பவர் எதையும் பார்ப்பதில்லை. தலைக்கு மேல் கிளையில் ஈரச் சாக்குப்போலத் தொங்குவது, மெல்ல நகரும் மரவிலங்கான ஸ்லாத். முழங்கால் உயரத்துச் செடியில் இலையோடு இலையாகச் சுருண்டிருக்கும் மஞ்சள் வளையம், கண்ணுக்கு மேல் இமைமயிர் போலச் செதில் நீட்டிய ஒரு விரியன். கையை ஊன்றும்முன் பார்த்தாக வேண்டும். பையைக் கீழே வைத்தால் ரக்கூனும் கப்புச்சின் குரங்கும் பங்கு கேட்க வந்துவிடும். கவீட்டா முனையைச் சுற்றி, பவளப்பாறை ஓரமாக, எட்டொன்பது கிலோமீட்டர் போனால் புவெர்த்தோ வர்காஸ் வாசல். சதுப்பின் மேல் அமைத்த நடைபாலத்தில் கடைசித் தூரத்தைக் கடந்து நெடுஞ்சாலைக்கு வந்தால் ஊர் திரும்ப பஸ் உண்டு. நீளவாக்கு நடையும் இரு முனையிலும் நிறுத்தமும் அமைந்த இடம் இது.

அந்த மேசைக்கும் பதிவேட்டுக்கும் பின்னால் ஒரு தகராறு இருக்கிறது. 1994இல் அரசு வெளிநாட்டவர்க்கான பூங்காக் கட்டணத்தை ஒரேயடியாகப் பதினைந்து டாலராக உயர்த்தியது. பஸ்ஸில் வந்து, ஊரில் சாப்பிட்டு, நாலைந்து நாள் தங்கி, தினமும் பூங்காவுக்குள் போய்வரும் சில்லறைப் பயணிகளை நம்பியிருந்த ஊர் கொதித்தது. ஊரார் வாசலைத் தாங்களே கையில் எடுத்துக்கொண்டு, கட்டணமில்லாமல் ஆட்களை உள்ளே விட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஊரும் அரசும் சேர்ந்து நிர்வகிக்கும் ஏற்பாடு வந்தது. புவெர்த்தோ வர்காஸ் பக்கம் கட்டணம், ஊர்ப் பக்கம் நன்கொடை என்று வழக்கமாயிற்று. பூங்காவின் வருமானக் கணக்கில் கட்டணம் ஒரு வரிதான். பஸ்ஸில் வருகிறவர் ஊரில் செலவழிக்கும் பணம் அந்தக் கணக்கிலேயே ஏறாது. அதை ஊர் அறிந்திருந்தது. தலைநகரம் பிறகுதான் அறிந்தது.

மன்சானியோவின் பாதை இத்தனை சாது அல்ல. ஊர்க் கடற்கரை முடிந்ததும் சிறு குன்றுகள் வருகின்றன. மோனா முனைவரை ஐந்தரைக் கிலோமீட்டர்தான். ஆனால் மழைக்குப் பின் சேறு கணுக்காலைத் தாண்டும், வேர்கள் வழுக்கும், கிளைவழிகள் திசை திருப்பும். வழிகாட்டி இல்லாமல் முனைவரை போகாதே என்று ஊரில் சொல்வது வியாபாரப் பேச்சு மட்டுமல்ல. முனையைத் தாண்டிக் கண்டோக்கா கடற்கரை. மார்ச்சிலிருந்து ஜூலைவரை முதுகில் வரிவரியாக ஓடும் ஏழுவரி ஆமைகள் முட்டையிட வரும் கரை. கண்டோக்கா காயலில் செங்கண்டல் காடு. கடற்பசு வந்துபோகும் தண்ணீர். ஆனால் கண்டோக்கா ஊருக்கு மன்சானியோ வழியாகச் சாலை கிடையாது. உள்நாட்டு வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். ஆகவே இங்கே ஒரு முனையில் மட்டும்தான் பஸ் கிடைக்கும். பெரும்பாலோர் பாதி வழி போய்த் திரும்புகிறார்கள்.

ஊர் இருந்தால் காடு தானாகக் காப்பாற்றப்படும் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். 2014இல் ஊரார் உரிமையின் பேரால் ஒரு சட்டம் வந்து சரணாலயத்தின் சில பகுதிகளை எல்லையிலிருந்து வெளியே எடுத்தது. அப்படி எடுத்ததில் வீடுகள் மட்டுமல்லாமல் காடும் இருந்தது. காட்டுப் பகுதியை வெளியே தள்ளியது செல்லாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2019இல் தீர்த்தது. கரையில் நிலவிலை ஏறும்போது "ஊரார்" என்ற பெயருக்குள் யார் யார் நுழைகிறார்கள் என்பது எங்கும் கேட்க வேண்டிய கேள்வி. இன்னொரு பக்கம், இதே சரணாலயத்தின் பெயரோடு இன்று ஹைரோ மோரா சண்டோவல் என்ற பெயரும் சேர்ந்திருக்கிறது. கண்டோக்காவில் வளர்ந்த அந்த இளைஞர், லிமோன் நகரத்துக்கு அருகே மோயின் கடற்கரையில் ஏழுவரி ஆமை முட்டைகளைக் காக்கப்போன இரவில், 2013 மே 31 அன்று கொல்லப்பட்டார். வயது 26. ஆமை முட்டையைத் திருடுவோரும் காப்போரும் அதே கரையின் பிள்ளைகள்தாம்.

படகும் பஸ்தான்

சாலையே இல்லாத இடங்களில் பொதுப் போக்குவரத்து என்றால் படகு. கோஸ்டா ரிகாவின் வடகரீபியக் கரையில் டோர்டுகேரோ அப்படி: பஸ்கள் லா பவோனா துறையோடு நின்றுவிடும், அங்கிருந்து ஊராரும் பயணிகளும் ஒரே படகில் கால்வாய் வழியாகப் போகிறார்கள். 1975இலிருந்து தேசியப் பூங்கா. ஜூலை முதல் அக்டோபர் வரை பச்சை ஆமைகள் கரையேறும் நாட்களில், இரவில் வழிகாட்டி இல்லாமல் மணலில் கால்வைக்க முடியாது.

இதே அமைப்பு போர்னியோவிலும் உண்டு. மலேசிய மாநிலமான சரவாக்கின் மிகப் பழைய தேசியப் பூங்கா பாக்கோ, 1957இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 27 சதுர கிலோமீட்டர்தான். கூச்சிங் நகரத்திலிருந்து ஊர்ப் பஸ்ஸில் பாக்கோ கிராமம்; அங்கே கிராமத்தாரின் படகுகள். முகத்துவாரத்தைத் தாண்டி அரை மணிக்குள் தெலோக் அசாம் கரை. அங்கிருந்து வண்ணக் குறியிட்ட பாதைகள் கிளைபிரிகின்றன. சில மணி நேர நடையில் சதுப்பலையாத்தி, மணற்பாறை மேட்டில் குடுவைச் செடிகள், பாறை முனைகளுக்கு இடையே ஒளிந்த சிறு கடற்கரைகள் என்று நிலம் மாறிக்கொண்டே போகும். நீள்மூக்குக் குரங்குகளை மாலை வெயிலில் அலையாத்தி மரங்களில் காணலாம். தாடிப் பன்றிகள் முகாம் கட்டடங்களுக்கு நடுவே கூச்சமின்றி உலாத்தும்.

பாக்கோவில் பஸ் அட்டவணையைவிட முக்கியமானது ஏற்றவற்ற அட்டவணை. சரவாக் கரையில் பெரிய ஏற்ற நாட்களில் கடல் நாலைந்து மீட்டர் ஏறி இறங்கும். வற்றத்தில் படகு துறைவரை வராது. முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து கரையேற வேண்டும். ஆற்றில் உவர்நீர் முதலைகள் இருப்பதால் எங்கே இறங்கலாம் என்பதைப் படகோட்டியே சொல்வார். பிற்பகலில் திரும்பும் நேரத்தையும் கடல்தான் நிர்ணயிக்கிறது. அது படகோட்டிக்குத் தெரியும், செல்பேசிக்குத் தெரியாது. கரீபியக் கரையில் ஏற்றவற்றம் அரை மீட்டருக்குள் அடங்கிவிடுவதால் கவீட்டாவில் யாரும் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. கோஸ்டா ரிகாவிலேயே பசிபிக் பக்கம் போனால் நிலைமை வேறு: கோர்கோவாடோ பூங்காவின் கரைப்பாதையில், வற்றம் பார்த்துத்தான் பாறை முனைகளையும் ஆற்று வாய்களையும் கடக்க வேண்டும். 2014 முதல் அங்கே அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். கட்டாயமானதும் செலவு கூடியது. பஸ்ஸிலும் லொட லொட லாரியிலும் வந்து தனியே நடந்த காலம் முடிந்தது. பாதுகாப்புக்கும் காட்டுக்கும் அது நல்லதே. ஆனால் பை மெலிந்தவருக்கு ஒரு கதவு மூடியதையும் சொல்லத்தான் வேண்டும்.

நகரத்துப் பஸ்ஸின் கடைசி நிறுத்தம்

பினாங்கில் ஜார்ஜ் டவுனில் ஏறி 101ஆம் எண் பஸ்ஸில் தெலுக் பஹாங்குக்குப் போனால், பினாங்குத் தேசியப் பூங்காவின் வாசல். 2003இல் அறிவிக்கப்பட்ட சிறிய பூங்கா. ஒரு வழி 1883இல் கட்டிய மூக்கா முனைக் கலங்கரை விளக்கத்துக்கு. மற்றொரு வழி காட்டைக் குறுக்கே கடந்து பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்கு. அங்கே ஆமைக் குஞ்சு பொரிப்பகம் ஒன்றும், மேலே நன்னீரும் கீழே உப்புநீரும் கலவாமல் நிற்கும் ஓர் ஏரியும் உண்டு. காலைச் சிற்றுண்டியை ஊரில் முடித்து, மதியத்துக்குள் நடந்து, கால் வலித்தால் படகில் திரும்பி, இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி ஊருக்கு வந்துவிடலாம்.

சிங்கப்பூரின் சுங்கை பூலோ இன்னும் சிறியது. கைவிடப்பட்ட இறால் குட்டைகளில் வலசைப் பறவைகள் இறங்குவதை 1986இல் பறவை ஆர்வலர்கள் கவனித்து அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு 2002இல் இயற்கைக் காப்பிடமானது. கிராஞ்சி ரயில் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடித்தால் போதும். நுழைவுக் கட்டணம் இல்லை. நீர்நாயும் முதலையும் உள்ளான் கூட்டமும் நகரப் போக்குவரத்து அட்டையில் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இந்த இரண்டும் நம் விதிக்கு ஒரு விலக்கு போலத் தோன்றலாம். இங்கே ஓரத்து ஊர் என்பது ஒரு மாநகரம். ஆனால் விதி மாறவில்லை, அளவுதான் மாறியது. அளவு மாறும்போது சிக்கலும் மாறுகிறது. குக்கிராமத்து பஸ்ஸில் இருபது பேர் இறங்குவார்கள். மாநகர பஸ்ஸில் விடுமுறை நாளன்று நூற்றுக்கணக்கில் இறங்குவார்கள். அங்கே பலகைப் பாதை, பார்வை மாடம், காவலர் என்று கட்டமைப்பு இல்லாவிட்டால் காடு தாங்காது. சுங்கை பூலோ பலகைப் பாதைகளை அமைத்ததும் இதற்காகவே.

இறங்கக்கூடாத இடங்கள்

இலங்கையின் தென்கரையில் புந்தல. 1990இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வந்த அந்நாட்டின் முதல் தளமானது. 1993இல் தேசியப் பூங்கா. அம்பாந்தோட்டையிலிருந்து திஸ்ஸமகாராமை நோக்கிப் போகும் பஸ்ஸில் வந்தால், சாலையிலிருந்து சற்றுத் தள்ளித்தான் பூங்கா வாசல். ஆனால் உள்ளே கால்நடையாகப் போக முடியாது. ஜீப் எடுக்க வேண்டும். குறித்த சில இடங்களில் மட்டுமே இறங்கலாம். பக்கத்து யாலவிலும் அதே விதி. யானையும் சிறுத்தையும் திரியும் நிலத்தில் இந்த விதியைக் குறைசொல்ல முடியாது.

ஆனாலும் ஜீப் விதி ஒரு பொருளாதாரத்தையும் உண்டாக்குகிறது. ஒரு சிறுத்தை தென்பட்டதாகச் செய்தி பரவினால் ஜீப்புகள் வரிசைகட்டி நிற்பது யாலவின் பிரபலமான தலைவலி. விலங்கிடமிருந்து மனிதனைக் காக்க வந்த விதி, ஜீப்புக் கூட்டத்திடமிருந்து விலங்கைக் காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று. பெரிய விலங்கு இல்லாத கடலோரக் காடுகளிலும் யோசிக்காமல் இதே விதியைப் பின்பற்றினால் நட்டம் இரட்டிப்பு: நடப்பவர் வெளியே நிற்பார், சக்கரம் உள்ளே போகும்.

கோடியக்கரை: பாதி விடை

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்தும் இடம் கோடியக்கரை. சோழமண்டலக் கரை தெற்கு நோக்கி வந்து மேற்கே மடங்கும் முனை. 1967இல் சரணாலயம், 17 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2002இல் வேதாரண்யம் சதுப்போடு சேர்த்து ராம்சார் தளம், 38,500 ஹெக்டேர். இங்கே புலியும் யானையும் இல்லை. பாலை மரங்கள் நிறைந்த உலர் பசுமைக் காடு, புல்வெளியில் வெளிமான், காட்டில் புள்ளிமானும் நரியும், யாருக்கும் சொந்தமில்லாமல் திரியும் மட்டக்குதிரைகள். அக்டோபரில் தொடங்கி மார்ச்சுவரை சதுப்பில் பூநாரையும் உள்ளானும் ஆலாவும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளுக்கு வளையம் போட்டு வலசையை ஆராய்ந்துவருகிறது. பறவையியலாளர் சலீம் அலியின் பெயரும் இந்த மண்ணோடு சேர்ந்தது. கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன.

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்கு அரசுப் பஸ் உண்டு. பத்துப் பதினொரு கிலோமீட்டர். அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டி, கோடியக்காட்டைத் தொட்டதும் சாலையின் இருபுறமும் காடு. மீன்கூடையும் மளிகைப் பையுமாக ஏறிய பெண்கள் பேச்சை நிறுத்தாமல் வர, ஜன்னலோரப் பயணிக்குப் புள்ளிமான் தென்படும். சாலையில் மட்டக்குதிரை நின்றால் டிரைவர் ஹாரன் அடித்துக் காத்திருப்பார். கடைசி நிறுத்தம் மீனவர் ஊர். மழைக்காலம் தொடங்கும்போது வேற்றூர் மீனவர்கள் இங்கே வந்து மாதக்கணக்கில் தங்கித் தொழில் செய்வார்கள். சுந்தரர் பாடிய கோடிக்குழகர் கோயில் இங்கே இருக்கிறது. ஆடி, தை அமாவாசைகளில் கடலாட வரும் கூட்டத்துக்குச் சிறப்புப் பஸ்கள் விடுவார்கள். ஒரு காலத்தில் ரயிலே முனைவரை வந்தது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிவரை 37 கிலோமீட்டர் அகலப் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. உப்புச் சத்தியாக்கிரகத்துக்காக 1930 ஏப்ரலில் ராஜாஜியின் அணி திருச்சியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்த கரை இது.

பஸ் உண்டு, ஊர் உண்டு, பெரிய விலங்கின் ஆபத்து இல்லை. தங்க வனத்துறையின் விடுதிகூட உண்டு. பிறகு ஏன் கோடியக்கரை நடைக்குப் பெயர் பெறவில்லை? இடங்கள் சிதறிக் கிடப்பது ஒரு காரணம். ராமர் பாதம் மேடு ஒரு பக்கம், வெளிமான் புல்வெளி ஒரு பக்கம், பூநாரைச் சதுப்பு வேறொரு பக்கம். இவற்றை ஒரே நீளவாக்கு நடையாகக் கோத்து, இரு முனையிலும் பஸ் கிடைக்கும்படி அமைத்த பாதை இல்லை. அனுமதி வாங்கி உள்ளே போகிறவர் பெரும்பாலும் வண்டியில் போகிறார். வண்டி இல்லாதவர் கடற்கரையைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறார். சீமைக்கருவேலம் புல்வெளியை நெருக்குவதும், 2004 சுனாமியும் 2018 நவம்பர் 16 கஜா புயலும் காட்டைப் புரட்டிப்போட்டதும் வனத்துறையின் கவனத்தைப் பிடித்துவைத்திருக்கின்றன; அது நியாயம். ஆனால் கவீட்டாவுக்கு இணையான நடைக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இங்கே தனித்தனியாகக் கிடக்கின்றன. கோக்க ஆளில்லை.

பஸ்ஸால் முடியாதவை

பஸ்ஸின் குறைகளையும் ஒளிக்காமல் பார்க்க வேண்டும். விலங்கும் பறவையும் நடமாடுவது விடியலிலும் அந்தியிலும். முதல் பஸ் வருவதற்குள் வெயில் ஏறிவிடும். கடைசி பஸ்ஸைப் பிடிக்க அந்திக்கு முன்பே கிளம்ப வேண்டும். இதற்கு ஒரே மாற்று ஓர் இரவு தங்குவது. பாக்கோவில் முகாமில் தங்குகிறவர் மட்டுமே மாலைக் குரங்குகளை நிதானமாகப் பார்க்கிறார். ஆமை பார்ப்பது இரவுக் காரியம். எந்த நாட்டிலும் பஸ் அதற்கு உதவாது, உதவவும் கூடாது.

பருவம் இன்னொரு கணக்கு. லிமோன் கரையில் முழு வறட்சிக் காலம் என்று ஒன்றில்லை; நாட்டின் மற்றப் பகுதி நனையும் செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை குறைந்து கடல் அடங்குகிறது. கோடியக்கரையில் பறவை வரும் மாதங்களும் வடகிழக்குப் பருவமழையும் புயலும் ஒன்றாக வருகின்றன. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நடப்பதே உசிதம். சரவாக்கில் வடகிழக்குப் பருவக்காற்று நாட்களில் கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. எங்கேயும் தண்ணீர் கையோடு கொண்டுபோக வேண்டும். புறப்படும்முன் கடைசி பஸ்ஸின் நேரத்தை அட்டவணையில் பார்ப்பதோடு நிற்காமல், நிறுத்தத்துக் கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதிகக் கூட்டம் என்ற அச்சமும் உண்டு. அமாவாசைக் கோடியக்கரையோ விடுமுறை நாள் பினாங்கோ அதை நிரூபிக்கும். ஆனால் பஸ் ஒரு வகையில் தானே அளவு வைக்கிறது: ஒரு நாளைக்கு எத்தனை நடை, ஒரு நடைக்கு எத்தனை இருக்கை என்பது முன்கூட்டியே தெரியும். வாகன நிறுத்தத்துக்கு மட்டும் எத்தனை ஏக்கர் திறந்துவிட்டாலும் போதாது.

என்ன செய்யலாம்

இத்தனை இடங்களையும் ஒப்பிட்டால், பஸ்ஸில் போய் நடக்கத்தக்க சரணாலயத்துக்கு நாலு இலக்கணம் தெரிகிறது. ஓரத்தில் பிழைப்புள்ள ஊர் ஒன்று. பாதையின் இரு முனையும் பொதுப் போக்குவரத்தைத் தொடுவது. வாசலில் ஊராரே வழிகாட்டியாகவும் படகோட்டியாகவும் காவலராகவும் இருப்பது. பெரிய விலங்கின் ஆபத்து இல்லாத இடத்தில் சக்கரத்தை வெளியே நிறுத்தி மனிதனைக் காலால் உள்ளே விடுவது. கவீட்டாவில் நாலும் உண்டு, பாக்கோவில் இரு முனைக்குப் பதில் படகு, மன்சானியோவில் மூன்று, புந்தலயில் விலங்கு காரணமாக ஒன்று தவிர்க்கப்பட்டது. கோடியக்கரையில் முதலாவது இருக்கிறது, மற்றவை கூடிவரும் நிலையில் இருக்கின்றன.

இதற்குப் பெரிய திட்டமோ கோடிகளோ வேண்டாம். காலையில் ஒரு நடையை அரை மணி முன்னால் விட்டால், பறவை பார்க்க வருகிறவர் வேதாரண்யத்திலோ அகஸ்தியம்பள்ளி ரயிலடியிலோ ஏறிக்கொள்ளலாம். அதே நடையில் மீன் விற்கப் போகும் பெண்களுக்கும் சந்தை சீக்கிரம் கிடைக்கும். கோடியக்காட்டுச் சோதனைச் சாவடியிலிருந்து கடற்கரை நிறுத்தம்வரை, மான் மேயும் வெளியைத் தள்ளியே சுற்றி வரும் ஒரு பாதையைக் குறியிட்டு, ஊர் இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி கொடுத்தால் போதும். சரணாலயங்களுக்கு மேலாண்மைத் திட்டம் எழுதுகிறவர்கள் தீத்தடுப்புக்கும் களைநீக்கத்துக்கும் அத்தியாயம் ஒதுக்குகிறார்கள். பஸ் நேரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குவதில்லை. வனத்துறையும் போக்குவரத்துக் கழகமும் ஒரே மேசையில் அமர்ந்து அந்த ஒரு பக்கத்தை எழுதட்டும். ஊராரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எழுதட்டும், பஸ் அவர்களுடையது.